வைரஸ் தொற்றில் செல்லின் புரதம் செய்யாத ஆர்.என்.ஏக்கள்: ஆய்வுக்கு எதைக் கையில் எடுப்பது?

வைரஸ் தொற்றிய செல்களையும் தொற்றாத செல்களையும் எடுத்து ஆர்.என்.ஏ சீக்வென்சிங் செய்தால், சில வாரங்களில் நீளமான பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிடும். அதில் புரதமாக மாறாத, அதாவது குறியாக்கமற்ற ஆர்.என்.ஏக்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் கூடியும் குறைந்தும் நிற்கும். முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் சேர்ந்த மாணவருக்குச் சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ பக்கம் போவதா, நீண்ட ஆர்.என்.ஏ பக்கமா, வட்ட ஆர்.என்.ஏவா? இல்லை, செல்லில் காலங்காலமாக அன்றாட வேலை பார்த்துக்கொண்டிருக்கும் 7எஸ்கே, 7எஸ்எல், யு1 போன்றவையா? அடுத்த சில வருட உழைப்பு இந்த ஒரு முடிவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்பதைப் பார்த்து ஆர்.என்.ஏவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த ஆர்.என்.ஏவுக்கும் வைரஸுக்கும் உள்ள தொடர்பை உடைத்துக் காட்ட முடியுமா, உடைத்ததைத் திரும்பச் சேர்த்தால் பழைய நிலை வருகிறதா என்று காட்ட முடியுமா? இந்த இரண்டுக்கும் வழி தெரிகிற ஆர்.என்.ஏதான் நல்ல தேர்வு. வழி தெரியாதது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முதல் ஆய்வுக்கு ஆகாது.

அப்புறம், பட்டியலையே அப்படியே நம்பிவிடக்கூடாது. தொற்று ஏற்பட்டதும் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் பல ஆர்.என்.ஏக்கள் எகிறும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் வைரஸோடு தனி உறவு எதுவும் இருக்காது. இன்டர்ஃபெரானை மட்டும் ஊற்றினாலும் அவை கூடும். ருக்ஸோலிடினிப் என்ற மருந்தைப் போட்டு இன்டர்ஃபெரான் சமிக்ஞையைத் தடுத்துவிட்டு அதே தொற்றைத் திரும்பச் செய்து பார்த்தால் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்பது தெரியும். செல் எது என்பதும் முக்கியம். வீரோ செல்களில் முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணுக்களே கிடையாது. ஹூ7.5 செல்களில் ரிக்-ஐ என்ற உணரி வேலை செய்யாது. இந்தச் செல்களில் கிடைத்த பட்டியலும் நுரையீரல் செல்லான ஏ549-இல் கிடைத்த பட்டியலும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைவிட ஏமாற்றுகிற பொறி இன்னொன்று உண்டு. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் இன்ஃப்ளூயன்ஸாவும் தொற்றினால், படியெடுக்கும் நொதி மரபணுவின் முடிவில் நிற்காமல் தாண்டி ஓடுகிறது. மரபணுவுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு (நியூக்ளியோடைடுகளுக்கு) ஆர்.என்.ஏ உருவாகும். கணினி அதைப் 'புதிய நீண்ட ஆர்.என்.ஏ' என்று அடையாளம் காட்டும். உண்மையில் அது பக்கத்து மரபணுவின் வால். அதே மாதிரி, செல்லின் தூது ஆர்.என்.ஏக்களை அழிக்கும் வைரஸ் என்றால், அழியாமல் மிஞ்சியவை எல்லாம் விகிதத்தில் கூடியதாகத் தெரியும். தெரிந்த அளவில் வெளியிலிருந்து ஆர்.என்.ஏ கலந்து சரிபார்க்காத தரவில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, இவற்றையெல்லாம் தாண்டி மிஞ்சியது எது என்று பார்க்கலாம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ

இந்தத் துறையின் மிகச் சுத்தமான கதை இன்றைக்கும் மிர்-122 தான். கல்லீரல் செல்லில் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏக்களில் மிகப் பெரும்பங்கு இது ஒன்றே. மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால் தூது ஆர்.என்.ஏவை அடக்குவதுதான் வழக்கம். ஹெபடைடிஸ் சி வைரஸ் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். வைரஸ் ஆர்.என்.ஏவின் முன் முனையில், முதல் 45 எழுத்துகளுக்குள், மிர்-122 ஒட்டுவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. அது ஒட்டிக்கொண்டால் வைரஸின் வெறும் முனையைக் கடித்துத் தின்னும் நொதிகளிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. ஒட்டாவிட்டால் வைரஸ் பெருகாமல் சுருண்டுவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் பீட்டர் சார்னோவின் ஆய்வகம் 2005-இல் இதை நிரூபித்த விதம்தான் எனக்கு அளவுகோல். முதலில் மிர்-122-ஐ வேறொரு மூலக்கூறால் கட்டிப்போட்டார்கள், வைரஸ் ஆர்.என்.ஏ சரிந்தது. அது மட்டும் என்றால் ஆயிரம் விளக்கம் சொல்லலாம். கல்லீரல் செல்லில் மிர்-122 எத்தனையோ மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. அவற்றில் ஏதோ ஒன்று மாறியதால் வைரஸ் தளர்ந்திருக்கலாம். அதனால் அடுத்து வைரஸின் ஒட்டும் இடத்தில் எழுத்தை மாற்றினார்கள். வைரஸ் பெருகவில்லை. பிறகு அந்த மாற்றத்துக்கு ஈடாக எழுத்து மாற்றிய மிர்-122-ஐச் செல்லுக்குள் கொடுத்தார்கள். வைரஸ் மீண்டது. இயல்பான மிர்-122 அந்த மாறிய வைரஸைக் காப்பாற்றவில்லை. ஈடுகட்டும் மாற்றம் உள்ளதுதான் காப்பாற்றியது. இதற்குமேல் வேறு விளக்கத்துக்கு இடமே இல்லை.

இப்படி ஒரு சோதனையைத் திட்டமிட முடிவதே மைக்ரோ ஆர்.என்.ஏவின் பெரிய பலம். சுமார் 22 எழுத்துதான் நீளம். முன்பகுதியின் ஆறேழு எழுத்துகள்தான் இலக்கை முடிவு செய்கின்றன. எங்கே ஒட்டும் என்று தாளில் எழுதிப் பார்க்கலாம், மைக்ரோ ஆர்.என்.ஏவைச் சுமக்கும் ஆர்கோநாட் புரதத்தைப் பிடித்திழுத்து அதோடு வருவது வைரஸ் ஆர்.என்.ஏதானா என்று பார்க்கலாம், எழுத்தை மாற்றி உடைக்கலாம், எதிரெழுத்தை மாற்றிச் சேர்க்கலாம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இலக்கைக் கணிக்கும் மென்பொருளிடம் எந்த வைரஸ் ஜீனோமைக் கொடுத்தாலும் டஜன் கணக்கில் ஒட்டும் இடங்களைக் காட்டும். அதை நம்பி, மைக்ரோ ஆர்.என்.ஏவின் செயற்கைப் பிரதியைச் செல்லுக்குள் இயல்பைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொட்டி, வைரஸ் குறைந்தது என்று அறிவிக்கும் ஆய்வுகள் ஏராளம். அவ்வளவு கொட்டினால் செல்லின் ஆர்கோநாட் எல்லாம் அதிலேயே மாட்டிக்கொள்ளும். எது வேண்டுமானாலும் நடக்கும். 2014-இல் வந்த ஒரு ஆய்வை இந்தப் பாதையில் இறங்குகிற எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏவை வெட்டித் தயாரிக்கும் டைசர் நொதியை 293டி என்ற மனிதச் செல்களில் முழுக்க நீக்கிவிட்டுப் பல மனித வைரஸ்களைப் பெருக்கிப் பார்த்தார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ இல்லாததால் அந்த வைரஸ்கள் கொண்டாடவில்லை. ஏறக்குறைய அதே அளவில்தான் பெருகின. அதாவது, செல்லின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் பெரும்பாலான வைரஸ்களை நேரடியாகத் தடுப்பதில்லை. மிர்-122 போன்றவை அபூர்வம்.

அபூர்வம் என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. கிழக்கத்திய குதிரை மூளையழற்சி வைரஸின் பின் முனையில், ரத்தவழிச் செல்களில் மிகுதியாக இருக்கும் மிர்-142-3பி ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. அது ஒட்டி, அந்தச் செல்களில் வைரஸ் பெருகாமல் தடுக்கிறது. உடம்பு ஜெயித்தது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். ஆனால் இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடக்கூடியவை அந்தச் செல்கள்தான். அங்கே பெருகாததால் எச்சரிக்கை எழவில்லை. வைரஸ் சத்தமில்லாமல் மூளைக்குப் போகிறது. ஒட்டும் இடங்களை வெட்டி எடுத்த வைரஸ் ரத்தவழிச் செல்களில் நன்றாகப் பெருகியது, இன்டர்ஃபெரான் கிளம்பியது, எலிகளில் நோய் தணிந்தது. செல் வளர்ப்புத் தட்டில் 'தடுப்பது' என்று எழுதியது விலங்கில் 'உதவுவது' என்று மாறிவிடுகிறது. தட்டோடு நின்றுவிடுகிற ஆய்வின் முடிவுரையை எவ்வளவு அடக்கமாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மருந்து வரை போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கும் இந்த வகையில்தான் முன்மாதிரி இருக்கிறது. மிர்-122-ஐக் கட்டிப்போடும் 15 எழுத்து மூலக்கூறான மிராவிர்சென், நோயாளிகளில் வைரஸ் அளவைக் குறைத்ததாக 2013-இல் முடிவுகள் வந்தன. அதே வருடம் ஹெபடைடிஸ் சி மாத்திரையான சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. வைரஸையே நேராகத் தாக்கும் மாத்திரைகள் கிட்டத்தட்ட எல்லோரையும் குணப்படுத்தத் தொடங்கியபின் மிராவிர்சென்னுக்கான தேவை சுருங்கிவிட்டது. செல்லின் உறுப்பைக் குறிவைத்தால் வைரஸ் தப்பிக்காது என்ற நம்பிக்கையும் முழுதாக நிற்கவில்லை: ஜீனோமின் மூன்றாம் எழுத்து மாறிய வைரஸ்கள் மிர்-122 குறைவாக இருந்தும் தாக்குப்பிடித்தன. மிர்-122 இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் பிறகு புற்றுநோயும் வந்தன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நீண்ட ஆர்.என்.ஏ

200 எழுத்துக்கு மேற்பட்ட, புரதம் செய்யாத ஆர்.என்.ஏக்கள் இந்தக் கூட்டத்தில் சேரும். மனித ஜீனோமில் பல்லாயிரம் இருப்பதாகப் பட்டியல்கள் சொல்கின்றன. வேலை என்னவென்று தெரிந்தவை மிகச் சில. புதிதாகக் கண்டுபிடிக்க இடம் நிறைய இருக்கிறது என்பதால் மாணவர்கள் இந்தப் பக்கம் ஓடுகிறார்கள். ஓடுவதில் நியாயம் உண்டு. வளர்சிதைமாற்ற நொதியான கோட்2-வோடு சேர்ந்து பலவகை வைரஸ்கள் பெருக உதவுகிற எல்.என்.சி ஆர்.என்.ஏ-அகோட்1 என்ற ஆர்.என்.ஏ 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இன்டர்ஃபெரானைச் சாராமல் இயங்குகிறது என்பது அதன் அழகு. இப்படிப் புத்தம்புதிய பாதை ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏவில் இன்று கிடைப்பது கடினம்.

ஆனால் நீட்1 கதையையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸுக்குள்) பாராஸ்பெக்கிள் என்ற சிறு துளிகளைக் கட்டியெழுப்பும் ஆர்.என்.ஏ அது. எச்.ஐ.வி தொற்றில் நீட்1-ஐ அடக்கினால் வைரஸ் உற்பத்தி கூடுகிறது. அதாவது அது தடை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் அதே நீட்1 வைரஸுக்கு உதவுவதாகக் காண்கிறோம். இன்ஃப்ளூயன்ஸாவில் அது எஸ்.எஃப்.பி.க்யூ என்ற புரதத்தைத் துளிக்குள் இழுத்துக்கொண்டு, அந்தப் புரதம் அடக்கிவைத்திருந்த இன்டர்லூகின்-8 மரபணுவை விடுவிக்கிறது. இது போதாதென்று நீட்1-க்கு இரண்டு வடிவம்: ஒன்று 3,700 எழுத்து அளவு, இன்னொன்று சுமார் 23,000. துளியைக் கட்டுவது நீளமானது. குட்டை வடிவம் முழுவதும் நீள வடிவத்தின் முன்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் குட்டையை மட்டும் தாக்கும் சிறு ஆர்.என்.ஏவை வடிவமைக்க முடியாது. முன்பகுதியைத் தாக்கினால் இரண்டும் போய்விடும். எந்த வடிவம் வேலை செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேறு கருவி வேண்டும்.

கருவிதான் இந்த வகையின் உண்மையான பிரச்சினை. இலக்கு ஆர்.என்.ஏவை வெட்டவைக்கும் சிறு தடை ஆர்.என்.ஏ (siRNA), கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கும் இலக்குகளுக்கு நன்றாக வேலை செய்யும். கருவுக்குள் அதன் வீச்சு குறைவு. கருவுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏவுக்கு, ஆர்.என்.ஏஸ் எச் நொதியை அழைக்கும் கேப்மர் வகை எதிரிழை (ஆன்டிசென்ஸ்) மூலக்கூறு நல்லது. மரபணுவைத் தேடிப்பிடிக்கும் கருவியான கிரிஸ்பர் வழியாகப் படியெடுப்பையே தொடக்கத்தில் அடக்கலாம். ஆனால் பல நீண்ட ஆர்.என்.ஏக்கள் ஒரு புரத மரபணுவின் தொடக்கத்தை முதுகோடு முதுகாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதை அடக்கினால் பக்கத்து மரபணுவும் அடங்கும். விளைவு எதனால் வந்தது? தெரியாது.

வைரஸ் ஆய்வில் இதற்கு மேல் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சிறு தடை ஆர்.என்.ஏ இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லின் பல உணரிகள் வைரஸைக் கண்டுபிடிப்பதும் இரட்டை இழை ஆர்.என்.ஏவை வைத்துத்தான். கருவியே இன்டர்ஃபெரானைக் கிளப்பி வைரஸைக் குறைத்துவிட்டால், நீங்கள் ஆராய்ந்த ஆர்.என்.ஏவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு கருவியையும் போட்டபின், தொற்றுக்கு முன்பே, இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் இரண்டு மூன்றையாவது அளந்து பாருங்கள். அளக்காமல் செய்த சோதனையை என்னால் நம்ப முடியாது.

செல்லுக்குச் செல் மாறுவதும் இங்கே மிக அதிகம். 2017-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நீண்ட ஆர்.என்.ஏ இடங்களை ஏழு செல் வரிசைகளில் கிரிஸ்பரால் அடக்கிப் பார்த்தபோது, வளர்ச்சிக்குத் தேவை என்று கிடைத்தவை 499. அவற்றில் 89 விழுக்காடு ஒரே ஒரு செல் வகையில் மட்டும்தான் விளைவு காட்டின. அது வளர்ச்சி பற்றிய ஆய்வு, தொற்று பற்றியதல்ல. இருந்தாலும், ஏ549-இல் கண்டதை வேறு செல்லில் காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு முன்னறிவிப்பு அது. எலியில் காட்டலாம் என்றால், பல மனித நீண்ட ஆர்.என்.ஏக்களுக்கு எலியில் இணையே கிடையாது.

வட்ட ஆர்.என்.ஏ

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கூட்டமாகப் பார்த்தால், இரு முனைகளும் சேர்ந்து வளையமாக மூடிய இந்த வட்ட ஆர்.என்.ஏக்கள் உண்மையிலேயே வியக்கவைப்பவை. பல வட்ட ஆர்.என்.ஏக்கள் தமக்குள்ளேயே 16 முதல் 26 இணைகள் கொண்ட சிறு இரட்டை இழைகளாக மடிந்து, பி.கே.ஆர் என்ற தற்காப்பு நொதியைப் பிடித்து அமைதியாக வைத்திருக்கின்றன. வைரஸ் வந்ததும் ஆர்.என்.ஏவை வெட்டும் நொதியான ஆர்.என்.ஏஸ் எல் விழித்து வட்டங்களை மொத்தமாக அழிக்கிறது, பி.கே.ஆர் விடுபட்டு வேலையை ஆரம்பிக்கிறது. ஷாங்காயில் லிங்லிங் சென்னின் ஆய்வகம் 2019-இல் காட்டியது இது.

ஆனால் தனி ஒரு வட்டத்தை எடுத்து 'இது மிர்-இன்னதை உறிஞ்சி வைரஸைப் பெருக்குகிறது' என்று காட்டும் ஆய்வுக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அந்த வட்டம் செல்லுக்குச் சில பிரதிகளும் மைக்ரோ ஆர்.என்.ஏ பல்லாயிரம் பிரதிகளும் இருந்தால் உறிஞ்சுவது எப்படி? வட்டத்தை மட்டும் அடக்க, முனைகள் சேரும் ஓர் இணைப்பு இடம்தான் இருக்கிறது; வேறு எங்கே தாக்கினாலும் நேர் வடிவமும் போகும். மிகையாக உருவாக்கப் பிளாஸ்மிட் (டி.என்.ஏ வளையம்) போட்டால் வட்டத்தோடு சேர்ந்து நேர் ஆர்.என்.ஏக்களும் குவியும். உடைப்பதும் கடினம், சேர்ப்பதும் கடினம்.

பழைய ஆர்.என்.ஏக்கள்

முதலில் சொன்ன 7எஸ்கே, 7எஸ்எல், யு1 போன்ற, யாரும் திரும்பிப் பார்க்காத இந்த வகைமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எச்.ஐ.வியின் டாட் புரதம் என்ன செய்கிறது? பி-டெஃப்பி என்ற படியெடுப்புக் காரணியை 7எஸ்கே ஆர்.என்.ஏ பிடித்துவைத்திருக்கிறது; டாட் அதை விடுவித்துத் தன் மரபணுக்களுக்கு எடுத்துக்கொள்கிறது. கொரோனா வைரஸான சார்ஸ்-கோவ்-2 இன்னும் துணிச்சலானது. 2020-இல் வந்த ஆய்வின்படி, அதன் என்.எஸ்.பி16 புரதம் யு1, யு2 ஆர்.என்.ஏக்களில் ஒட்டி, தூது ஆர்.என்.ஏவை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலையைக் கெடுக்கிறது. என்.எஸ்.பி1 ரைபோசோமின் 18எஸ் ஆர்.என்.ஏவில், தூது ஆர்.என்.ஏ நுழையும் வழியில் உட்காருகிறது. என்.எஸ்.பி8-உம் 9-உம் 7எஸ்எல் ஆர்.என்.ஏவைப் பிடித்துப் புரதங்கள் சவ்வுக்குப் போவதைத் தடுக்கின்றன. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் கதை வேறு திசையில் போகிறது: ரைபோசோமின் 5எஸ் ஆர்.என்.ஏவின் போலி மரபணு ஒன்றிலிருந்து வரும் ஆர்.என்.ஏவைப் போர்த்தியிருக்கும் புரதங்கள் தொற்றின்போது குறைந்துவிட, அந்த ஆர்.என்.ஏ வெளிப்பட்டு ரிக்-ஐ உணரியைத் தட்டி எழுப்புகிறது. வைரஸ் வந்ததைச் செல்லின் சொந்த ஆர்.என்.ஏவே சொல்லிக்கொடுக்கிறது!

இவற்றை நீக்கிப் பார்க்க முடியாது என்பதுதான் வழக்கமான ஆட்சேபம். யு1-ஐ எடுத்துவிட்டால் செல் செத்துவிடும். 5எஸ், 7எஸ்எல் ஆர்.என்.ஏக்களுக்கு ஜீனோமில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுப் பிரதிகள் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் தொடர்பை உடைக்கச் செல் பக்கம்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? வைரஸ் புரதத்தில் ஆர்.என்.ஏவைத் தொடும் அமினோ அமிலத்தை மாற்றினால் போதும். செல் நலமாக இருக்கும், தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். பிரதிகள் ஏராளம் என்பதால் அளப்பதும் எளிது. முறையில் மட்டும் கவனம் வேண்டும்: தூது ஆர்.என்.ஏவின் முனையிலுள்ள பாலி-ஏ வாலைப் பிடித்துத் தயாரிக்கும் சாதாரண சீக்வென்சிங்கில் இவை தலைகாட்டவே காட்டாது. மொத்த ஆர்.என்.ஏவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இறுக்கமான மடிப்புகளும் எழுத்துகளில் வேதி மாற்றங்களும் இருப்பதால், சீக்வென்சிங்குக்காக ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக மாற்றும் நொதி நடுவில் தடுக்கி விழுவதும் உண்டு. ஆர்.என்.ஏவை நேரடியாகப் பிரித்து அடையாளம் காணும் நார்தர்ன் பிளாட் முறை தெரிந்தவர் ஆய்வகத்தில் இருந்தால் பெரிய உதவி.

எதை எடுப்பது?

உங்கள் வைரஸின் ஜீனோமை எழுத்து எழுத்தாக மாற்ற உங்கள் ஆய்வகத்தில் வசதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் மைக்ரோ ஆர்.என்.ஏவையோ பழைய ஆர்.என்.ஏவையோ எடுங்கள். ஒட்டும் இடம் ஜீனோமிலேயே இருந்து, அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ இலக்குத் திசுவில் மிகுதியாகவும் இருந்தால், தயங்க வேண்டாம். வைரஸ் புரதம் ஒன்று ஆர்.என்.ஏவைப் பிடிப்பதாகத் தடயம் கிடைத்தால் பழைய ஆர்.என்.ஏ பக்கம் போங்கள். இரண்டில் ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், போட்டி குறைவு, விடை தெளிவு. முழு வைரஸைக் கையாளும் பாதுகாப்பு வசதி இல்லாவிட்டாலும், தானே பெருகினாலும் தொற்றும் துகளை உருவாக்காத வைரஸ் ஆர்.என்.ஏ, அதாவது ரெப்ளிகான் இருந்தால் இந்த இரண்டு வகைக்கும் பெரும்பாலும் போதும்.

ஜீனோமை மாற்ற வழியில்லை, ஆனால் செல்லில் கிரிஸ்பர் நன்றாக ஓடுகிறது என்றால் நீண்ட ஆர்.என்.ஏ ஏற்கத்தக்கது. கிரிஸ்பர் அடக்கலும் கேப்மரும் ஒரே திசையில், ஒரே அளவில் விளைவு தர வேண்டும் என்பதை முதல் நாளிலேயே நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். வட்ட ஆர்.என்.ஏவில்தான் ஆர்வம் என்றால் தனி வட்டத்தை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடத்தையை, ஆர்.என்.ஏஸ் எல் நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு நீண்ட ஆர்.என்.ஏவைக் கையில் எடுத்துவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. விளைவைத் துரத்துவதற்கு முன் மூன்று எளிய அளவுகளை எடுத்துவிடுங்கள். செல்லைக் கரு, சைட்டோபிளாசம் என்று பிரித்து ஆர்.என்.ஏ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்டர்ஃபெரான் சமிக்ஞை அடைத்த செல்லிலும் தொற்றின்போது அது மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, தெரிந்த அளவு செயற்கை ஆர்.என்.ஏவை வைத்து அளவுகோடு போட்டு, செல்லுக்கு எத்தனை பிரதி என்று எண்ணுங்கள். சைட்டோபிளாசத்தில் ஆயிரக்கணக்கில் குவியும் வைரஸ் ஆர்.என்.ஏவோடு நேரடியாக ஒட்டுகிறது என்பது உங்கள் கருத்தாக இருந்து, எண்ணிக்கை செல்லுக்கு ஒன்றிரண்டு என்று வந்தால், அந்தக் கருத்து நிற்காது. அதே எண்ணிக்கையோடு ஆர்.என்.ஏ கருவுக்குள், தன் சொந்த மரபணுவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், பக்கத்து மரபணுவை அது கட்டுப்படுத்துகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு தொடருங்கள். அதற்கு ஒன்றிரண்டு பிரதிகளே போதும்.